உப்பு ஏரி மண்ணில் பழைய தாவரங்களைத் தேடுவது எப்படி? புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ராஜஸ்தானில் சாம்பர், டிட்வானா, லூன்கரன்சர் என்று உப்பு ஏரிகள் இருக்கின்றன. மழைக்காலம் முடிந்து சில மாதங்களில் தண்ணீர் வற்றி, கோடையில் வெறும் வெள்ளைத் தரையாகக் கிடக்கும். அந்தத் தரைக்குக் கீழே சில மீட்டர் ஆழத்துக்குள், பனியுகக் காலத்திலிருந்து இன்றுவரை அங்கே என்ன புல் வளர்ந்தது, என்ன மரம் நின்றது, மணல்மேடு எப்போது நகர்ந்தது என்பதற்கெல்லாம் தடயம் இருக்கிறது. லக்னோவின் பீர்பல் சஹானி நிறுவனத்தில் பணியாற்றி, பின்னர் ஆஸ்திரேலியா சென்ற குர்தீப் சிங், தன் சக ஆய்வாளர்களோடு இந்த மூன்று ஏரிகளையும் பக்கத்திலுள்ள புஷ்கர் நன்னீர் ஏரியையும் ஆராய்ந்து 1974இல் விரிவான கட்டுரை வெளியிட்டார். இந்தியப் பாலைவனத்தின் பழைய காலநிலை பற்றிய பேச்சு இன்றும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

தாவரவியலோ புவியியலோ படித்துவிட்டு இந்தப் பக்கம் வர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: மண்ணில் புதைந்து கிடக்கும் பழைய மகரந்தத்தை மட்டும் எண்ணி முடிவு சொல்லாதீர்கள். அது எந்த மண்ணில் கிடந்தது, அந்த மண் எப்படிப் படிந்தது என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் கணக்கு சரியாக வரும். கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த ஒரே காரணத்துக்காகத்தான்.

முதலில், மண் அடுக்கு உருவாகும் விதம்

உப்பு ஏரிக்குத் தண்ணீர் வர வழி உண்டு, போக வழி கிடையாது. வெயிலில் ஆவியாகித்தான் குறைய வேண்டும். நீர் நிறைந்திருக்கும் காலத்தில் ஓடைகள் கொண்டுவரும் வண்டலும் களிமண்ணும் மெல்ல அடியில் படியும். காற்றில் பறந்துவரும் மகரந்தமும் நீரில் விழுந்து அதோடு புதையும். நீர் சுண்டச் சுண்ட, கரைந்திருந்த உப்புகள் ஒவ்வொன்றாகப் பிரியும். முதலில் சுண்ணாம்பு வகையான கால்சைட், அடுத்து ஜிப்சம், கடைசியாகச் சாப்பாட்டு உப்பான ஹேலைட்.

தூத்துக்குடி, வேதாரண்யம் பக்கம் உப்பளத்தில் வேலை செய்பவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த விஷயம். கடல்நீரைப் பாத்திகளில் படிப்படியாகக் காய்ச்சி அடர்த்தி ஏற்றும்போது ஜிப்சம் முன்னதாகவே படிந்துவிடும். போமே என்ற அடர்த்தி அளவில் ஏறக்குறைய 25 டிகிரி எட்டிய பிறகே அந்த நீரை உப்பு விளையும் பாத்திக்கு விடுவார்கள். அந்த நேரத்தில் கடல்நீரின் அளவு பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கும். ஆகவே மண் அடுக்கில் ஜிப்சம் பட்டை தெரிந்தால் ஏரி ஓரளவு சுண்டியிருந்தது என்றும், ஹேலைட் பட்டை தெரிந்தால் கிட்டத்தட்ட வற்றும் நிலைக்குப் போயிருந்தது என்றும் கொள்ளலாம். எல்லா ஏரியிலும் இந்த வரிசை இப்படியே வரும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். சாம்பர் ஏரி நீர் காரத்தன்மை மிகுந்தது. ஒவ்வொரு ஏரியின் நீரும் எந்தப் பாறைகளைக் கழுவி வந்ததோ அதற்கேற்ப வரிசை மாறும்.

ஏரி முழுக்கக் காய்ந்த பிறகு நடப்பது இன்னும் முக்கியம். வெடித்த களிமண்ணையும் உப்புத்தூளையும் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். அதனால் வறண்ட காலத்துக்குரிய மண் பெரும்பாலும் குறைவாகவே மிஞ்சும், சில சமயம் மிஞ்சவே மிஞ்சாது. நூற்றாண்டுக் கணக்கான இடைவெளி, வெட்டுச் சுவரில் வெறும் ஒரு கோடாகத் தெரியலாம். புதியவர்கள் அதிகம் தவறவிடுவது இந்தக் கோட்டைத்தான்.

இடம் தேர்வு

ஏரியின் நடுப்பகுதிதான் நல்ல இடம். ஓரங்களில் ஓடை மணலும் வேர்த் துளைகளும் அடுக்கைக் கலைத்திருக்கும். உப்பு எடுக்கும் பாத்திகள், கரைகள், பழைய வெட்டுக் குழிகள் இருக்கும் பகுதியை விட்டு நன்றாகத் தள்ளிப் போங்கள். சாம்பரில் பல தலைமுறைகளாக உப்பு எடுக்கிறார்கள். மேல் மண் பல இடங்களில் புரட்டப்பட்டிருக்கிறது. செயற்கைக்கோள் படங்களில் நேர்க்கோடாகத் தெரிவதெல்லாம் மனிதர் கைபட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சாம்பர் 1990 முதல் ராம்சர் பட்டியலில் உள்ள ஈரநிலம். மாநில வனத்துறை, உப்பு உரிமை வைத்திருப்பவர்கள், உள்ளூர் நிர்வாகம் என அனுமதிகளை எழுத்தில் வாங்கிய பிறகே கிளம்புங்கள். பூநாரைகள் இருக்கும் குளிர்காலத்தில் போய்த் தொந்தரவு செய்ய வேண்டாம். தரை ஆளைத் தாங்கும் அளவுக்கு இறுகும் கோடைத் தொடக்கமே வசதி. தாங்கும் என்று தெரிகிற உப்புத் தரைக்கு அடியில் முழங்கால் வரை இழுக்கும் சேறு இருக்கலாம் என்பதால் கையில் நீண்ட கழி இல்லாமலும், துணைக்கு ஆள் இல்லாமலும் நடக்கக் கூடாது.

குழியா, கோரா?

முதல் முறை போகிறவர்களுக்கு என் பரிந்துரை குழிதான். ஒன்றரை மீட்டர் ஆழக் குழியில் நீங்கள் கண்ணால் பார்ப்பதை, குழாய் இறக்கி எடுக்கும் ஐந்து சென்டிமீட்டர் அகலக் கோர் காட்டாது. அடுக்கு பக்கவாட்டில் எப்படி ஓடுகிறது, வெடிப்பு எங்கே இறங்குகிறது, ஜிப்சம் படிகம் மண்ணோடு படிந்ததா அல்லது பிறகு மண்ணுக்குள்ளேயே வளர்ந்ததா என்பதெல்லாம் அகலமான சுவரில்தான் புரியும். குழியைப் படிக்கட்டாக வெட்டுங்கள். செங்குத்துச் சுவர் சரிந்தால் ஆளை அமுக்கிவிடும். நிலத்தடி உப்புநீர் ஊறத் தொடங்கினால் அந்த ஆழத்தோடு நிறுத்திவிடுங்கள்.

ஆழமான அடுக்குகளுக்குக் கோர் வேண்டும். மென்மையான சேற்றுக்குக் கையால் இறக்கும் கருவி போதும், கெட்டியான உப்புப் பட்டைக்கு இயந்திரம் தேவை. அங்கே துளையிட நல்ல தண்ணீரைப் பயன்படுத்தினால் ஹேலைட் கரைந்து ஓடிவிடும், பார்க்க வந்ததையே இழந்துவிடுவீர்கள். அந்த ஏரியின் நிறைவுற்ற உப்புநீரையே துளையிடும் நீராகப் பயன்படுத்த வேண்டும். வேலை முடிந்த அன்றே கருவிகளை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் போடுங்கள், இல்லாவிட்டால் துரு பிடித்துவிடும்.

சுவரைப் படித்துக் குறிப்பெடுப்பது

மாதிரி எடுக்கும் அவசரத்தில் இதைத் தாண்டிவிடாதீர்கள். கொத்தனார் கரண்டியால் சுவரைக் கிடைவாட்டில் சீவுங்கள். மேலிருந்து கீழாகச் சீவினால் மேல் மண் கீழே தேய்ந்துவிடும். அளவுகோல் தெரியப் படம் எடுத்த பிறகு, ஒவ்வொரு அடுக்கையும் தொட்டு எழுதுங்கள். நிறத்துக்கு, மண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கும் மன்செல் நிற அட்டை. விரலிடையே தேய்த்தால் மணலா, வண்டலா, களிமண்ணா என்று தெரியும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டு நுரைத்தால் அங்கே கார்பனேட் இருக்கிறது.

சாம்பர் போன்ற ஏரியில் வெள்ளை உப்புத் தோலை உரித்தால் அடியில் கன்னங்கரேலென்ற சேறு, அழுகிய முட்டை நாற்றத்தோடு இருக்கும். முகம் சுளிக்காதீர்கள், உங்களுக்கு வேண்டியது அதுதான். ஆக்சிஜன் புகாத அந்தக் கருஞ்சேற்றில் மகரந்தம் நன்றாகப் பிழைக்கும். காற்றுப் பட்டுச் செம்பழுப்பாக மாறிய மண்ணிலும், நனைந்தும் காய்ந்தும் மாறிமாறிக் கிடந்த மண்ணிலும், கடும் காரத்தன்மை உள்ள மண்ணிலும் மகரந்தத்தின் மேலோடு அரிக்கப்பட்டுவிடும். அதனால் சில அடுக்குகளில் ஒரு துகள்கூடக் கிடைக்காது. அப்போது செடி இல்லை என்று எழுதக் கூடாது. மகரந்தம் பாதுகாக்கப்படவில்லை என்றே எழுத வேண்டும்.

மெல்லிய வரிவரியான களிமண் இருந்தால் கலங்காத, ஓரளவு ஆழமான நீர் இருந்திருக்கும். வெடிப்புக்குள் மணல் இறங்கியிருந்தால் ஏரி காய்ந்து, பக்கத்து மணல்மேடு நகர்ந்து வந்திருக்கும். இவற்றையெல்லாம் மகரந்தம் பார்ப்பதற்கு முன்பே எழுதி வைப்பது நல்லது. முடிவு தெரிந்த பிறகு பார்த்தால் கண் அதற்கேற்றபடியே பார்க்கும்.

மாதிரி எடுப்பது

கீழிருந்து மேலாக எடுங்கள். அப்போதுதான் உதிரும் மண் ஏற்கெனவே எடுத்து முடித்த இடத்தில் விழும், எடுக்கப்போகும் இடத்தைக் கெடுக்காது. ஒவ்வொரு மாதிரிக்கும் கரண்டியைக் கழுவித் துடையுங்கள். பூத்துக் குலுங்கும் செடிகளுக்கு நடுவில் பலத்த காற்றில் பையைத் திறந்து வைக்க வேண்டாம். மாதிரிகளைக் குளிர்சாதனப் பெட்டியில் 4 டிகிரி வாக்கில் வைத்தால் பூஞ்சை பிடிக்காது.

காலக் கணிப்புக்கான மாதிரிகள் தனி. மணல் அடுக்கு கடைசியாக எப்போது வெயில் பார்த்தது என்று கணிக்கும் ஒளிர்வு முறைக்கு, ஒளி புகாத உலோகக் குழாயைச் சுவரில் அடித்து இறக்கி, இரு முனையையும் மூடிக் கறுப்புப் பையில் போட வேண்டும். கார்பன்-14க்குக் கரித்துண்டு, விதை ஏதாவது கண்ணில் பட்டால் உடனே தனியாக எடுத்து வையுங்கள்.

பலரும் விட்டுவிடுவது இன்றைய மேல்மண். ஏரி நடுவிலிருந்து கரை, மணல்மேடு, வயல், மரக்கூட்டம் என்று வெவ்வேறு இடங்களில் மேல் ஒரு சென்டிமீட்டர் மண்ணை எடுத்து, அங்கே கண்ணில் படும் செடிகளையும் பட்டியல் போடுங்கள். ராஜஸ்தானில் கேஜ்ரி என்று மக்கள் போற்றும் மரம் நம் வன்னிதான். அது நிறைய நிற்கும் இடத்தின் மண்ணில் அதன் மகரந்தம் எவ்வளவு விழுகிறது? பூச்சிகளை நம்பும் மரங்கள் கொஞ்சமாகவும், காற்றை நம்பும் புற்கள் ஏராளமாகவும் மகரந்தம் உதிர்க்கும். இந்த ஏற்றத்தாழ்வை இன்றைய மண்ணில் பார்த்து வைத்துக்கொண்டால்தான் பழைய மண்ணில் கிடைக்கும் ஒன்றிரண்டு துகள்களுக்கு மதிப்புப் போட முடியும்.

ஆய்வகத்தில்

சாதாரண ஏரி மண்ணுக்கு எழுதப்பட்ட செய்முறையை அப்படியே உப்பு மண்ணுக்குப் போட்டால் சிக்கல் வரும். வரிசை இப்படி இருக்கட்டும்.

அளந்த மண்ணில் முதலில் லைகோபோடியம் மாத்திரையைப் போடுங்கள். எண்ணிக்கை தெரிந்த அயல் வித்துகள் அதில் இருக்கும். எத்தனை என்பது தொகுதிக்குத் தொகுதி மாறும், டப்பாவில் எழுதியிருக்கும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் மாத்திரையும் மண்ணிலுள்ள கார்பனேட்டும் நுரைத்துக் கரையும். அப்புறம் கழுவல், இதில்தான் பொறுமை வேண்டும். அடர்ந்த உப்புநீரில் மகரந்தம் மெதுவாகவே அடியில் தங்கும் என்பதால் முதல் சில கழுவல்களில் செண்ட்ரிஃப்யூஜை அதிக நேரம் ஓடவிடுங்கள். கழுவிய நீரில் வெள்ளி நைட்ரேட் ஒரு சொட்டு விட்டால் வெண்மையாகத் திரிவது நிற்கும் வரை கழுவ வேண்டும்.

ஜிப்சம் இதைவிடப் பிடிவாதம். ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய 2 கிராம்தான் கரையும். மாதிரியில் 5 கிராம் ஜிப்சம் இருந்தால் இரண்டரை லிட்டர் தண்ணீராவது வேண்டும். 10 மைக்ரான் நைலான் சல்லடையில் வைத்து நீரை ஓடவிடுவது எளிது. சல்பேட் போய்விட்டதா என்று பேரியம் குளோரைடு சொட்டு சொல்லும்.

இவ்வளவு சிரமம் எதற்கு? மணலை நீக்கப் பலர் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் பயன்படுத்துகிறார்கள். மண்ணில் கால்சியம் மிச்சமிருந்தால் அது கால்சியம் ஃபுளோரைடாக உறைந்து, கண்ணாடித் தகடு முழுக்கத் துணுக்குகளாக நிற்கும், மகரந்தம் தெரியாது. தோலில் பட்டால் உள்ளே இறங்கி எலும்பு வரை தாக்கும் அமிலம் அது. தகுந்த புகைபோக்கி அறையும் கால்சியம் குளுக்கோனேட் களிம்பும் பழகியவர் மேற்பார்வையும் இல்லாத கல்லூரி ஆய்வகத்தில் அதைத் தொடவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அதற்குப் பதில் சோடியம் பாலிடங்ஸ்டேட் என்ற கனத்த திரவத்தை அடர்த்தி 2.0 வாக்கில் கலந்து சுற்றினால் மணல் அடியில் போகும், மகரந்தம் மேலே மிதக்கும். இதற்கும் கால்சியம் ஆகாது, திரவம் கெட்டியாகி வீணாகும். ஆக எந்த வழியில் போனாலும் கழுவலைத் தவிர்க்க முடியாது.

அடுத்து பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் சூடாக்கி மட்கிய கறையை நீக்குவது. கடைசியாக, செல்லுலோசைக் கரைத்து மகரந்தத்தின் மேலோட்டைத் தெளிவாக்கும் அசிட்டாலிசிஸ். அசெட்டிக் அன்ஹைட்ரைடு 9 பங்கு, கந்தக அமிலம் 1 பங்கு. ஸ்வீடனின் குன்னார் எர்ட்மன் கொண்டுவந்த முறை இது. இந்தக் கலவை தண்ணீரோடு சேர்ந்தால் சீறும். எனவே அதற்கு முன்னும் பின்னும் கிளேசியல் அசெட்டிக் அமிலத்தில் ஒரு கழுவல் கட்டாயம். இதையும் பழகியவர் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள்.

எண்ணுவது

400 மடங்கு பெருக்கத்தில் மாதிரிக்கு 300 துகள்களாவது எண்ணுங்கள். உமரிச் செடி வகையறாவின் மகரந்தம் உங்களுக்கு முதலில் பழகும். பூந்திக் கரண்டியை உருண்டையாக வளைத்தது போல் உடம்பெல்லாம் துளை. புல்லுக்கு ஒரே துளை, சுற்றிலும் தடித்த வளையம். மாசிபத்திரி வகை, பூளை, கோரை, சம்பு என்று மெல்ல மெல்ல அடையாளம் கூடும். சந்தேகமாக இருந்தால் பெயர் வைக்காமல் 'அடையாளம் தெரியாதது' என்ற கட்டத்தில் போடுங்கள். அரித்துப்போன துகள்களையும் தனியாக எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை ஏறும் அடுக்கில் மற்ற சதவீதங்களை அவ்வளவாக நம்பக் கூடாது.

40 மைக்ரானுக்கு மேற்பட்ட புல் மகரந்தம் வந்தால் தானியப் பயிர் என்று குதிக்கத் தோன்றும். சிங் தன் மாதிரிகளில் கிடைத்த இத்தகைய துகள்களையும் கரித்துகள்களையும் வைத்து, ராஜஸ்தானில் 9000 ஆண்டுகளுக்கும் முன்பே மனிதர் செடிகொடிகளை எரித்துப் பயிர் செய்திருக்கலாம் என்றார். காட்டுப் புற்களிலும் அந்த அளவு மகரந்தம் உண்டு, காட்டுத்தீயிலும் கரி வரும் என்று பின்னால் எழுந்த மறுப்பு நியாயமானது. அளவை மட்டும் வைத்து விவசாயம் என்று எழுத வேண்டாம்.

லைகோபோடியத்தால் என்ன பயன்? 1 கன சென்டிமீட்டர் மண்ணில் 10,000 வித்துகள் போட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தகட்டில் 300 மகரந்தமும் 150 லைகோபோடியமும் எண்ணினால், அந்த மண்ணில் மகரந்தம் 20,000. இந்த எண் இல்லாமல் சதவீதம் மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். உதாரணத்துக்கு, ராஜஸ்தான் ஏரிகளில் இமயமலைப் பைன் மகரந்தம் காற்றில் வந்து விழும். உள்ளூரில் செடி குறைந்த காலத்தில் அதன் சதவீதம் தானாகவே ஏறும். பைன் மரம் பெருகிவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை.

வயது கணிப்பது

இரண்டு தேதிகளை வைத்துக் கோடு போட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். 100 செ.மீ. ஆழம் 4000 ஆண்டு, 200 செ.மீ. ஆழம் 8000 ஆண்டு என்றால் ஒரு சென்டிமீட்டர் 40 ஆண்டு என்று கணக்கு வரும். ஆனால் நடுவில் 10 செ.மீ. உப்புப் பட்டை இருந்தால் அது சில பருவங்களிலேயே படிந்திருக்கலாம். காற்று அரித்த கோடு ஒன்று இருந்தால் அதில் ஆயிரம் ஆண்டு காணாமல் போயிருக்கலாம். எனவே பட்டை மாறும் ஒவ்வொரு இடத்துக்கும் மேலும் கீழும் தேதி வேண்டும்.

மண்ணிலுள்ள கார்பனேட்டை வைத்துக் கார்பன்-14 கணித்தால் பழைய சுண்ணாம்பின் கார்பன் கலந்து, உண்மையைவிட வயது கூடிவிடும். கரித்துண்டும் விதையும் மேல். அதோடு 'கார்பன்-14 ஆண்டு' வேறு, அளவுத்திருத்தம் செய்த நாட்காட்டி ஆண்டு வேறு. பழைய கட்டுரைகளைப் படிக்கும்போது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். 4800 கார்பன்-14 ஆண்டு என்பது நாட்காட்டியில் ஏறக்குறைய 5500 ஆண்டு. 700 ஆண்டு வித்தியாசம்!

எல்லாவற்றையும் சேர்த்துப் படிப்பது

டிலியா போன்ற மென்பொருளில் ஆழத்துக்கு எதிராக வரைபடம் போடுங்கள். மண் அடுக்கின் படத்தை அதன் பக்கத்திலேயே வையுங்கள். உமரி வகை சதவீதம் ஏறினால் உடனே 'வறட்சி' என்று எழுதத் தோன்றும். ஏரி கொஞ்சம் சுருங்கி, வெளிப்பட்ட கரையில் உமரி முளைத்திருந்தாலும் அதே ஏற்றம் வரும். அது ஏரிக்கரைச் செய்தி, வட்டாரச் செய்தி அல்ல. அதனால் கரைச் செடிகளைச் சேர்த்து ஒரு கூட்டல், சேர்க்காமல் ஒரு கூட்டல் என இரண்டு கணக்கும் போடுங்கள். உமரி ஏறும் அடுக்கிலேயே ஜிப்சமும் வந்து, சம்பும் கோரையும் மறைந்து, மேலே காற்று மணலும் வந்தால் வறட்சி என்று துணிந்து சொல்லலாம்.

டிட்வானா இதற்கு நல்ல பாடம். கடைசிப் பனியுக உச்சத்துக்குரிய அடுக்குகளில் ஹேலைட் இருக்கிறது. மகரந்தமோ புல்லும் பூளையும் நிறைந்த திறந்தவெளியைக் காட்டுகிறது. உப்பும் செடியும் ஒரே பக்கம் சாய்கின்றன. அதனால்தான் அந்த முடிவு இன்னும் நிற்கிறது.

லூன்கரன்சர் வேறு பாடம். 1971இல் சிங், ஈரமான காலத்தில் சிந்துவெளி நாகரிகம் செழித்தது, வறட்சி வந்ததும் தேய்ந்தது என்ற கருத்தை முன்வைத்தார். 1999இல் யெஹூதா என்செல் குழு அதே ஏரியைக் கூடுதல் தேதிகளோடு ஆராய்ந்து, நீர்மட்டம் 6300 கார்பன்-14 ஆண்டுகளுக்கு முன் திடீரென உயர்ந்து, 4800 வாக்கில் முற்றிலும் வற்றியது என்றது. அப்படியானால் பொ.ஆ.மு. 2600 வாக்கில் ஹரப்பா நகரங்கள் எழும்போது அந்த ஏரி காய்ந்து ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு ஆகியிருந்தது. 2018இல் யாமா தீட்சித் குழு வடக்கு ராஜஸ்தானின் கர்சாண்டி உப்புத் தரையில், ஜிப்சம் படிகத்துக்குள் சிறைப்பட்ட நீரின் ஐசோடோப்புகளை அளந்து, சுமார் 5000 முதல் 4400 ஆண்டுகளுக்கு முன்வரை அங்கே பருவமழை வலுத்திருந்ததாகக் கண்டது. ஒரே பாலைவனத்தின் இரண்டு தரைகள் இப்படி வெவ்வேறாகப் பேசும்போது, ஒன்று பொய் என்று தள்ளிவிட வேண்டாம். லூன்கரன்சரில் வற்றிய பிறகு வந்த காலத்துக்குரிய மண் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, கர்சாண்டிக்கு நீர் எந்த வழியில் வந்தது என்ற கேள்விகளோடு இரண்டு கட்டுரைகளின் மண் அடுக்குப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். புதிதாக வருபவருக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக ஒரு வேலை. கோரில் எடுத்த மண் உருளையை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைத் தொடாமல் உறையிட்டு, ஆழமும் ஜிபிஎஸ் புள்ளியும் தேதியும் எழுதிக் குளிரில் வையுங்கள். உறைக்கு வெளியே ஒட்டும் சீட்டு ஈரத்தில் அழியும், உள்ளேயும் ஒரு சீட்டு பென்சிலில் எழுதிப் போடுங்கள். இருபது ஆண்டு கழித்து வேறொருவர் புதிய முறையில் வயது பார்க்க வந்தால், அந்தப் பாதி அவருக்கு வேண்டும்.